குப்பிக்குள் ஒரு பயிர்

புதுவையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது. சென்ற மாதம் போயிருந்தபோது எனக்கு ஓர் உப்புமா கொடுத்தார்கள். பார்வைக்குச் சாமை உப்புமா போல இருந்தது. வாயில் போட்டால் சாமையும் இல்லை, தினையும் இல்லை. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் வெள்ளை நூல் போல ஒரு சிறு சுருள்.

"இதற்குக் கினோவா என்று பேர். தென் அமெரிக்காச் சரக்கு. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று என் பெண் வாங்கி வந்தாள்" என்றார் நண்பர்.

உள்ளே இருந்து அவர் மனைவி, "விலையைச் சொல்லிவிட்டுக் கொடுத்திருந்தால் ஒரு மணிகூடக் கீழே சிந்தியிருக்க மாட்டார்" என்றார்.

நண்பரின் மகள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, இது நெல், கோதுமை ஜாதியே இல்லை. நம் சக்கரவர்த்திக் கீரை இருக்கிறதே, அதற்குப் பங்காளி. கீரை விதையைத்தான் நீங்கள் உப்புமாவாகச் சாப்பிட்டீர்கள்" என்றாள். பிறகு, "நாளைக்கு எங்கள் கூடத்துக்கு வாருங்கள். இதே பயிரை மண் இல்லாமல், மழை இல்லாமல் வளர்த்துக் காட்டுகிறேன்" என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி அழைப்பை மறுக்கும் வலிமை கிடையாது. போனேன். போன இடத்தில் செடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கையைச் சாராயத்தால் துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கோவில் கருவறைக்குள் போகிறவனுக்குக்கூட இவ்வளவு ஆசாரம் இல்லை. கண்ணாடி மேடை ஒன்றில் வடிகட்டிய காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. அதன் முன் உட்கார்ந்து அந்தப் பெண் ஓர் இளநாற்றை இடுக்கியால் எடுத்து, நகத்தளவு துண்டாக நறுக்கி, குப்பியிலிருந்த பசைமேல் வைத்தாள். அந்தப் பசை வேறொன்றும் இல்லை. நம் வீட்டில் கடல்பாசி இனிப்புச் செய்கிறோமே, அதே கடல்பாசிதான். அதில் சர்க்கரையும், உப்புகளும், துளித்துளியாக வளர்ச்சி ஊக்கிகளும் கலந்திருக்கின்றன. பெரிய பிரஷர் குக்கர் போன்ற அண்டாவில் 121 டிகிரிச் சூட்டில் வேகவைத்து, ஒரு கிருமிகூட மிஞ்சாமல் செய்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் செடிக்கு வைத்த விருந்தைப் பூஞ்சைக் காளான் தின்று தீர்த்துவிடுமாம்.

நறுக்கிய துண்டு சில வாரங்களில் உருவமற்ற ஒரு திரளாகப் பெருகுகிறது. வேரும் இல்லை, இலையும் இல்லை. பிடித்து வைத்த மாவு போல இருக்கிறது. ஊக்கிகளின் அளவை ஒரு பக்கம் கூட்டினால் அதிலிருந்து தளிர் கிளம்புகிறது. மறுபக்கம் கூட்டினால் வேர் விடுகிறது. இந்தச் சூட்சுமத்தை 1957-ல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். 1962-ல் முராஷிகே என்பவர் ஸ்கூகுடன் சேர்ந்து வகுத்த உணவுக் கலவையைத்தான் உலகத்திலுள்ள இத்தகைய கூடங்களில் பெரும்பாலானவை இன்றும் காய்ச்சுகின்றன.

ஆனால் கனவு அதற்கும் பழையது. 1902-ல் ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியல் பேராசிரியர், செடியின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் முழுச் செடி ஒளிந்திருக்கிறது என்று நம்பி, தனி அணுக்களைக் கண்ணாடிக்குள் வளர்க்க முயன்றார். அணுக்கள் சில நாள் உயிரோடு இருந்தன. ஒன்றும் இரண்டாகப் பிரியவில்லை. அவர் தோற்றார், கருத்துத் தோற்கவில்லை. 1939-ல் பாரிஸில் கோத்தெரேயும், கிரெநோபிளில் நொபேகூரும், அமெரிக்காவில் ஒயிட்டும் திசுவை நிலையாக வளர்த்துக் காட்டினார்கள். 1964-ல் நம் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் மகேசுவரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப் பையிலிருந்தே செடியை எழுப்பினார்கள். மகரந்தத் தூளுக்குள் ஒரு செடி! வேதாந்திகள் அணுவுக்குள் அண்டம் என்று சொன்னபோது தலையாட்டிய நாம், இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதில் நியாயம் இல்லைதான். ஆனாலும் நான் ஆச்சரியப்பட்டேன்.

"எதற்காக அம்மா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"கடலோரத்து நிலம் உப்பாகிக்கொண்டு வருகிறது, மாமா. கினோவா உப்பைத் தாங்கும். அதிலும் நன்றாகத் தாங்குகிற ஒரு செடி கிடைத்தால் அதே மாதிரி எத்தனையோ செய்யலாம். அதைத் தேடுகிறோம்."

பிறகு வளர்ப்பு அறையைத் திறந்து காட்டினாள். அடுக்கடுக்காகத் தட்டுகள். தட்டு நிறையக் குப்பிகள். குப்பிக்கு ஒரு செடி. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. "25 டிகிரிச் சூடு. தினம் 16 மணி நேரம் விளக்கு. 8 மணி நேரம் இருட்டு. வெளிக்காற்றே படாது" என்றாள் பெருமையோடு.

அந்த 16 மணி நேரம் என்ற சொல் என்னைக் குத்திற்று. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

நண்பருக்கு ஒரு மகனும் உண்டு. அக்காவைப் போலப் புத்தகப் புழு அல்ல. பள்ளிக்கூடம் விட்டால் தெருமுனை ரொட்டிக்கடையின் அடுப்படியில்தான் இருப்பான். அவன் பத்தாவது முடித்தபோது நண்பர் என்னிடம் யோசனை கேட்டார். நான் தயங்கவே இல்லை. "அக்காவைப் போல ஆக வேண்டுமா வேண்டாமா? நல்ல பயிற்சி விடுதியாகப் பார்த்துச் சேர்த்துவிடும். இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பிறகு நீரே எனக்கு நன்றி சொல்வீர்" என்றேன். சேர்த்தார். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு; ஒரே உணவு; ஒரே குறிப்புப் புத்தகம்; இரவு பதினொரு மணி வரை விளக்கு. பதினோராவது மாதம் பையனை அழைத்துவர வேண்டியதாயிற்று. ஆறு மாதம் அவன் யாருடனும் பேசவில்லை. இப்போது அதே ரொட்டிக்கடையில் வேலை செய்கிறான். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து போகிறான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நண்பர் மகளைப் பற்றிப் பேசுவார். மகனைப் பற்றிப் பேச மாட்டார். நான் போகும்போது அந்தப் பையன் திண்ணைக்கு வருவதில்லை.

அந்தக் குப்பிகளைப் பார்த்தபோது, நான் சிபாரிசு செய்த அறை இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

அன்று மாலை கடற்கரையில் நண்பரிடம் கேட்டேன். பையனைப் பற்றி அல்ல; அந்தத் தைரியம் வரவில்லை. செடியைப் பற்றித்தான் கேட்டேன். "சிறந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றையெல்லாம் அதைப் போலவே ஆக்கிவிடுவது சரிதானா?"

"இதில் என்ன சந்தேகம்?" என்றார் அவர். "நல்லதைப் பெருக்குவதில் பாவம் என்ன இருக்கிறது? கல்யாணத்தில் நாம் என்ன வாழ்த்துகிறோம்? வாழையடி வாழையாக என்றுதானே! பக்கக் கன்று என்பது தாய் வாழையின் நகல் அல்லாமல் வேறென்ன? நம் பாட்டன் மண்வெட்டியால் செய்ததை என் பெண் இடுக்கியால் செய்கிறாள். ஒன்றுக்குப் பத்துக் கன்று கிடைத்த இடத்தில் ஒன்றுக்கு ஆயிரம் கிடைக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்."

வாதம் பலமானது. மறுக்க முடியவில்லை. உலகத்தில் நகலெடுத்தே வாழ்கிற பயிர்களில் வாழை முதல் வரிசையில் நிற்கிறது. அதை நம் பெரியவர்கள் மங்கலம் என்று வாசலில் கட்டினார்கள். ஆகவே நகலெடுப்பது தீமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இல்லை.

அந்நியப் பயிர் என்று சொல்லித் தப்பிப்பதற்கும் வழி இல்லை. நம் குழம்பிலிருக்கும் மிளகாயும், தக்காளியும், உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. புதுவையில் 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்காவில் எத்தனையோ தேசத்து மரங்கள் நம் காற்றை மூச்சு வாங்கி நம் மரங்களாகிவிட்டன. கினோவாவும் ஒருநாள் அப்படி ஆகலாம்.

ஆனால் பாட்டன் காலத்தில் ஒன்று இருந்தது. ஒரு கொல்லையில் பூவன், அடுத்த கொல்லையில் மொந்தன், எதிர்வீட்டில் ரஸ்தாளி, ஆற்றோரம் நேந்திரன், கற்பூரவல்லி, செவ்வாழை. இலைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று. ஒவ்வொரு குலையும் நகல்தான். ஊர் நகல் அல்ல. தவறு நகலெடுப்பதில் இல்லை; ஒன்றை மட்டுமே நகலெடுத்து மற்றதை மறப்பதில்தான் இருக்கிறது.

அப்படி மறந்தவர்களின் கதை இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மேனாட்டுச் சந்தைக்குப் போன வாழைப்பழம் பெரும்பாலும் க்ரோ மிஷேல் என்ற ஒரே வகை. அதைவிடச் சிறந்தது இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மத்திய அமெரிக்காவில் காடுகளை வெட்டி அதையே நட்டார்கள். மண்ணிலிருந்து வாடல் நோய் வந்தது. ஒரு மரத்தைக் கொன்ற பூஞ்சை எல்லா மரத்தையும் கொல்லக் கற்றிருந்தது. ஏனென்றால் எல்லாம் ஒரே மரம். 1960-களுக்குள் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. அதன் இடத்தில் நோய் தாங்கும் கேவண்டிஷ் வகையை வைத்தார்கள். நம் ஊர்களில் திசு வளர்ப்புக் கன்றாக விற்கும் ஜி-9 அந்தக் குடும்பம்தான். இப்போது அதையும் கொல்லும் புதிய பூஞ்சை கிளம்பியிருக்கிறது. 2019-ல் அது கொலம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அயர்லாந்து ஏழைகள் பெரும்பாலும் ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பியிருந்தபோது 1845-ல் கருகல் நோய் வந்தது. நோயும் ஆண்டவர்களின் கல்நெஞ்சும் சேர்ந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேரைப் பலி கொண்டன.

"அப்படியானால் என் பெண் செய்வது தப்பு என்கிறீரா?" என்றார் நண்பர். குரலில் கோபம் இருந்தது.

இல்லை. அதற்கும் வாழையே சாட்சி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு மணம் கொடுக்கிற விருப்பாச்சி மலைவாழையை நீங்கள் அறிவீர்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் அதைப் பிடித்தது. பக்கக் கன்றை எடுத்து நட்டால் நோயும் கன்றோடு கூடவே வருகிறது. பாட்டன் மண்வெட்டி அங்கே தோற்றது. செடியின் உச்சியில், புதிது புதிதாக அணு பிறக்கும் குருத்து நுனிக்குள் நச்சுயிரி பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்த நுனியை மட்டும் கிள்ளி வளர்த்தால் நோயுற்ற தாயிடமிருந்து நோயற்ற பிள்ளை பிறக்கும். 1952-ல் மொரெல், மார்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர்கள் டேலியாப் பூச்செடியில் இதைச் செய்து காட்டினார்கள். அந்த வழியில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும், திருச்சியில் 1993-ல் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரும் நோயற்ற மலைவாழைக் கன்றுகளை உண்டாக்கி மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே திருச்சி மையம், சந்தையில் விலை போகாத வகைகளையும் சேர்த்து நூற்றுக்கணக்கான வாழைகளை நட்டுக் காத்து வருகிறது. ஆக, ஒரே குப்பி ஒரு வாழையைக் காப்பாற்றவும் உதவுகிறது. மற்ற வாழைகளை விரட்டவும் உதவுகிறது.

எனவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. "இது சிறந்தது" என்று சொல்லுகிறோமே, எதற்குச் சிறந்தது? யார் சொல்லுகிற சிறப்பு? எந்த நாளையச் சிறப்பு? இன்றைய சந்தைக்கும் இன்றைய மண்ணுக்கும் இன்றைய நாக்குக்கும் சிறந்தது என்றுதான் நம்மால் சொல்ல முடியும். நாளைக்கு எந்த நோய் வரும், எந்த உப்பு ஏறும் என்று தேர்ந்தெடுக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே எவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறானோ, அவன் தேர்ந்தெடுக்காதவற்றுக்குக் கடன்பட்டவனாகிறான். அவற்றைக் காக்கும் பொறுப்பும் அவனைச் சேர்ந்ததே.

கினோவாவை நமக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கடனைத் தீர்த்தவர்கள். ஆண்டீஸ் மலையின் குடியானவர்கள் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பல வகைகளைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்தார்கள். உறைபனி ஒன்றைக் கொன்றால் மற்றொன்று பிழைக்கும். வாரி வாரிக் கழுவினால்தான் போகும் கசப்பைக்கூட அவர்கள் முழுவதும் ஒழித்துவிடவில்லை. பறவைகளுக்கு அந்தக் கசப்பு பிடிக்காது. அந்தக் குடியானவர்களின் வயலிலிருந்து போன விதையில் ஒரு குணத்தைக் கண்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1994-ல் அதற்குக் காப்புரிமை வாங்கிற்று. பொலிவியக் குடியானவர்கள் எதிர்த்தார்கள். 1998-ல் அந்த உரிமை கைவிடப்பட்டது. குப்பியில் வைப்பதற்கு முன்னால் அந்தச் செடியை ஆயிரம் கைகள் வளர்த்திருக்கின்றன என்பதை மறந்தால் அந்த மாதிரிப் புத்திதான் வரும்.

இவ்வளவும் பேசியபிறகு நண்பர் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவளுடைய குப்பிகளில் ஒன்று விசித்திரமாக இருக்கிறதே, பார்த்தீரா?" என்றார்.

பார்த்தேன். அந்தப் பெண் தனியே எடுத்துக் காட்டினாள். ஒரே தாய், ஒரே பசை, ஒரே விளக்கு. ஆனாலும் ஒரு செடி மட்டும் இலை சற்றே அகன்று, தண்டு சிவந்து, தன் போக்கில் வளர்ந்திருந்தது. திரளிலிருந்து எழும் செடிகளில் அப்படி நேர்வது உண்டாம். 1981-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்து, அது பிழை மட்டும் அல்ல, பயனும் ஆகும் என்று எழுதினார்கள். அவள் சொன்னது இதுதான்: "வியாபாரத்துக்கு வளர்த்தால் இதைத் தூக்கிப் போட வேண்டும், மாமா. ஆராய்ச்சிக்கு வளர்த்தால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உப்பைத் தாங்கப் போவது இதுவாகக்கூட இருக்கலாம்."

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. 'ஆகவே வேறுபட்ட பிள்ளையையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பயன்படுவான்' என்று முடித்துவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அது பொய். செடிக்குப் பயனைக் கற்பிக்கிறவர்கள் நாம். உப்பைத் தாங்காவிட்டால் அந்தச் சிவந்த தண்டையும் ஒருநாள் எறிந்துவிடுவோம். பிள்ளையின் கதை அப்படி அல்ல. அவன் எதையும் தாங்கிக் காட்ட வேண்டியதில்லை. அவன் எதற்குச் சிறந்தவன் என்ற கேள்வியே அவன் விஷயத்தில் நாம் கேட்கத் தகாத கேள்வி. நான் அதைத்தான் கேட்டேன். ஒரு பெண்ணை மாதிரியாக வைத்து ஒரு பையனை அளந்தேன். அளவுகோல் நல்லதாக இருந்தது என்பது என் குற்றத்தைக் குறைக்காது.

நண்பரிடம் அப்போதுதான் சொன்னேன்: "விடுதியில் சேர்க்கச் சொன்னவன் நான்." அவர், "சேர்த்தவன் நான்" என்றார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலம் அந்த ரொட்டிக்கடைக்குப் போனேன். அடுப்பின் வெளிச்சத்தில் பையன் நின்றிருந்தான். கையெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும் திகைத்தான். "தம்பி, நான் உன் அப்பாவிடம் அன்று சொன்ன யோசனை தவறு. உன்னைக் கேட்காமல் சொன்னேன்" என்றேன். வழியெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்த வாக்கியம். சொன்னபோது மிகச் சிறியதாக இருந்தது.

அவன் பதில் சொல்லவில்லை. நீள ரொட்டி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினான். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். நான் வழக்கம் போல அதைப் பைக்குள் திணித்து வாயை இறுக்கிக் கட்டப்போனேன்.

"கட்டாதீர்கள், மாமா" என்றான். "சூடாக இருக்கிறது. மூடி வைத்தால் வேர்த்து நமுத்துவிடும். கொஞ்சம் காற்றுப் படட்டும்."

பையைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நடந்தேன்.